லாவோ படித்தோட்டங்களும் ஷாஸ்லாவும்: இவ்வளவு அடங்கிய ஒயினுக்கு இவ்வளவு உழைப்பு ஏன்?

தென்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் வடகரையில், லோசான் நகருக்கும் வெவே நகருக்கும் இடையே உள்ள லாவோ திராட்சைத் தோட்டங்களை இந்த இலையுதிர்காலத்தில் நடந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நீரின் விளிம்பிலிருந்து மலையின் தோள் வரை கற்சுவர் மேல் கற்சுவராக எழுப்பி, ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் சில வரிசைக் கொடிகளுக்கு மட்டும் இடம் விட்டு மண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். உழவு இயந்திரம் நுழைய வழியே இல்லாத அந்தச் சரிவில் அறுவடைக் கூடைகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சிறிய பல்சக்கர வண்டியில் ஏற்றி இறக்குவதைப் பார்த்தபோது, இத்தனை உழைப்பைக் கேட்கும் ஒயின் எப்படியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு மிகவும் கூடிவிட்டது.

பிறகு சான்-சஃபோரான் என்ற சிற்றூரில் உற்பத்தியாளர்கள் முறைவைத்து நடத்தும் சுவைப்பறையில் ஷாஸ்லா என்னும் திராட்சையிலிருந்து செய்த வெள்ளை ஒயினை அருந்தினேன். தெளிவாகவும் மென்மையாகவும் இருந்தது. ஆனால் ஜெர்மனியின் ரீஸ்லிங்கில் உள்ள கூர்மையான புளிப்போ, லுவார் ஆற்றங்கரை சோவின்யோன் பிளாங்கில் எழும் மணமோ அதில் இல்லை. உரக்கப் பேசாத ஒரு திராட்சையை இத்தகைய அரிய நிலத்தில் ஏன் வளர்க்கிறார்கள் என்பதே என் முதல் கேள்வி. அங்குள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் "மூன்று சூரியன்கள்" என்ற விளக்கம் இயற்பியல்படி நிற்குமா என்பது இரண்டாவது. ஊருக்கு ஊர் சுவை மாறுகிறது என்கிறார்களே, அந்த வேறுபாட்டைப் புதிதாக அருந்துபவரால் உணர முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதினால் மகிழ்வேன்.

கற்படி எழுதுகிறார்:

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் கேள்விக்கு விடை திராட்சையில் தொடங்குவதில்லை, சுவரில் தொடங்குகிறது. லாவோவின் இன்றைய படித்தோட்டங்களின் வரலாறு 11ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது. அப்பகுதி அக்காலத்தில் பெனடிக்டைன், சிஸ்டர்சியன் துறவியர் மடங்களின் ஆளுகையில் இருந்தது. காடும் புதருமாக இருந்த சரிவுகளைத் திருத்திப் படிகளாக அமைக்கும் பெரும்பணி அவர்கள் காலத்தில் நடந்தது. 1536இல் பெர்ன் அரசு இப்பகுதியைக் கைப்பற்றி, சீர்திருத்தக் கிறித்தவம் வந்து, மடங்கள் கலைக்கப்பட்ட பிறகு நிலங்கள் கைமாறினவே தவிர, கொடிகள் பிடுங்கப்படவில்லை. லாவோவின் ஒரு பகுதியான டெசலே சரிவில், துறவியரின் பெயரைத் தாங்கிய தோட்டம் ஒன்று இன்றும் லோசான் நகராட்சியின் உடைமையாக இருக்கிறது; ஒரு நகராட்சி தன் சொந்தத் திராட்சைத் தோட்டத்தைப் பயிரிட்டு, அந்த ஒயினை ஆண்டுதோறும் பொது ஏலத்தில் விற்கும் வழக்கம் எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

இந்தச் சுவர்கள் இல்லையென்றால் மண்ணே இல்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அடியில் இருப்பது மணற்பாறையும், கூழாங்கற்கள் இறுகி உருவான திரள்பாறையும். அவற்றின் மேல் ரோன் பனியாறு பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மெல்லிய படிவு. பெருமழையில் மண் கீழே வழிந்தால் அதைக் கூடையில் சுமந்து மேலே கொண்டு சேர்ப்பது பல நூற்றாண்டுகளாக இங்குள்ள தோட்டக்காரரின் குளிர்கால வேலையாக இருந்தது. ஷில்லோன் கோட்டைக்கு அருகிலிருந்து லோசானின் கிழக்கு விளிம்பு வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளும் இந்தச் சரிவை 2007இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. அறிவிக்கப்பட்ட பரப்பு 898 ஹெக்டேர். அந்த அறிவிப்பு இயற்கைக் காட்சிக்காக வழங்கப்பட்டதன்று. மனிதரும் நிலமும் ஆயிரம் ஆண்டுகளாக ஒருவரையொருவர் உருவாக்கியதற்காக, பண்பாட்டு நிலத்தோற்றம் என்ற வகையில் வழங்கப்பட்டது.

மூன்று சூரியன்களைப் பற்றி: வானத்துச் சூரியன் ஒன்று, ஏரிநீரில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டாவது, பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் வெளிவிடும் கற்சுவர் மூன்றாவது என்பது அவர்கள் கூற்று. மூன்றாவதை நான் முழுமையாக ஏற்கிறேன். சூரியன் மறைந்த பின்னர் ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பவர் எவருக்கும் வேறு சான்று தேவையில்லை. இரண்டாவது சற்று நுணுக்கமானது. உச்சிவெயிலில் நீர் தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறிய பங்கையே திருப்பியனுப்புகிறது, பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது, அதாவது காலையிலும் மாலையிலும், கனி முதிரும் இலையுதிர்கால நாட்களிலும், அந்தப் பங்கு பல மடங்கு கூடுகிறது. தெற்கும் தென்மேற்கும் நோக்கிய செங்குத்தான சரிவு அந்த ஒளியை நேராக எதிர்கொள்கிறது.

ஆனால் என் கருத்தில், ஏரியின் பெரிய கொடை ஒளி அன்று. 580 சதுரக் கிலோமீட்டர் பரப்பும், ஆழமான இடத்தில் 310 மீட்டர் ஆழமும் கொண்ட நீர்த்திரள் கோடையின் வெப்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தருகிறது. வசந்தத்தின் உறைபனி மொட்டுகளைக் கருக்கும் ஆபத்து குறைவதும், இலையுதிர்காலம் நீண்டு கனிகள் நிதானமாக முதிர்வதும் அதனால்தான். ஆல்ப்ஸ் மலைகள் கண்ணெதிரே பனி போர்த்தி நிற்கும் ஓரிடத்தில் திராட்சை இவ்வளவு நம்பிக்கையுடன் முதிர்வதற்கு, நான்காவது சூரியன் என்று சொல்லத்தக்க இந்த நீரின் நிதானமே முதற்காரணம் என்பேன்.

இந்த நிலத்தில் ஏன் ஷாஸ்லா என்றால், அது இங்கேயே பிறந்தது என்பதே பெரும்பாலும் உண்மை. எகிப்திலிருந்து வந்தது, கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்தது என்றெல்லாம் நெடுங்காலம் கதைகள் உலவின. ஹோசே வுய்யாமோஸ், கிளேர் அர்னோல்ட் ஆகிய இரு சுவிஸ் ஆய்வாளர்கள் மரபணுவை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு, ஜெனீவா ஏரியைச் சூழ்ந்த பகுதியையே இதன் தாயகமாகச் சுட்டுகிறது. இதே திராட்சை ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் குட்எடல் என்றும், ரோன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியான வாலே மாநிலத்தில் ஃபான்டான் என்றும் வழங்குகிறது. பிரான்சில் இதைப் பெரிதும் உண்ணும் பழமாகவே வளர்க்கிறார்கள். மொய்சாக் ஊரின் ஷாஸ்லா அங்கே சந்தையில் புகழ்பெற்றது.

கவாத்துக் கத்தி எழுதுகிறார்:

முந்தைய மறுமொழியில் நிலத்தைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் தென்கரை கேட்டது கிண்ணத்தில் உள்ளதைப் பற்றியும் அல்லவா? அதற்கு நிலத்தை மட்டும் விடையாகச் சொல்வது போதாது. தோட்டத்திலும் நிலவறையிலும் மனிதர் எடுக்கும் முடிவுகளையும் பேச வேண்டும்.

ஷாஸ்லா இயல்பிலேயே புளிப்புக் குறைந்த, மணம் அடங்கிய திராட்சை. போதாக்குறைக்கு, இது தாராளமாகக் காய்க்கும். கட்டுப்படுத்தாமல் விட்டால் கொடி நிறையக் குலைகளைச் சுமந்து, நீர்த்த சாற்றைத் தந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை சுவிட்சர்லாந்தில் வெள்ளை ஒயின் இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு இருந்தது. வெளிப்போட்டி இல்லாத அந்தச் சூழலில், எவ்வளவு விளைந்தாலும் உள்ளூரிலேயே விற்றுவிடும் என்ற நிலை பல தோட்டங்களை அளவின் பக்கம் தள்ளியது. ஷாஸ்லா தட்டையானது என்ற பெயர் பரவியதற்கு அந்தக் காலத்துப் புட்டிகளுக்கும் பங்குண்டு. 1990களில் விளைச்சலுக்கு உச்சவரம்பு வந்தது, கட்டுப்பாடு நீங்கியபின் போட்டியும் வந்தது. இன்று பொறுப்புள்ள உற்பத்தியாளர் கவாத்தைக் கடுமையாகச் செய்கிறார், கோடையில் மிகுதியான குலைகளை வெட்டித் தரையில் விடுகிறார். எனவே உங்கள் கிண்ணத்தில் இருந்த அடக்கம் திராட்சையின் இயல்பா, அதிக விளைச்சலின் விளைவா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். முன்னது அமைதியாக இருந்தாலும் நடுநாவில் ஒரு திடமும், விழுங்கிய பின் நீடிக்கும் இலேசான உப்பும் கசப்பும் தரும். பின்னது விழுங்கியவுடன் மறைந்துவிடும்.

நிலவறையில் நடப்பது இன்னொன்று. சாறு நொதித்து ஒயினான பின், அதிலுள்ள மாலிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் மாற்றத்தை லாவோ அடங்கிய வோ மாநிலத்தில் பெரும்பாலோர் அனுமதிக்கிறார்கள். ரீஸ்லிங் செய்பவர்கள் பொதுவாக இதைத் தடுப்பார்கள், ஏனெனில் அந்தக் கூர்மையே அவர்களுக்கு வேண்டியது. ஏற்கெனவே புளிப்புக் குறைந்த ஷாஸ்லாவில் இதைச் செய்யும்போது ஒயின் வட்டமாகவும் பால்போன்ற மென்மையுடனும் அமைகிறது. வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் புளிப்பு மேலும் குறைந்துவிடுவதால், இம்மாற்றத்தை முழுமையாகவோ பகுதியாகவோ தடுக்கும் உற்பத்தியாளர்களும் இப்போது இருக்கிறார்கள். நான் இதை வரவேற்கிறேன். கோடைகள் இவ்வாறே சூடேறினால் இது விருப்பத் தேர்வாக இல்லாமல் தேவையாகவே மாறிவிடும் என்று அஞ்சுகிறேன். புட்டியில் அடைக்கும்போது சிறிதளவு கரியமில வாயுவைத் தங்கவிடுவதும் பழைய வழக்கம். ஊற்றியவுடன் நாவில் மெல்லிய குறுகுறுப்பு தோன்றியிருந்தால் அது பழுதன்று, குறைந்த புளிப்புக்கு உயிரூட்ட வேண்டியே விட்டுவைத்தது.

ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டா என்றால், உறுதியாக உண்டு. அதை உணர்வதற்குச் சிறந்த இடம் டெசலேயும் கலமானும். இரண்டும் அருகருகே உள்ளவை; லாவோவில் கிராண்ட் குரூ, அதாவது உயர்தரத் தோட்டம், என்ற தனித் தோற்றப்பெயர் பெற்றவை இவ்விரண்டே. டெசலே ஐம்பது ஹெக்டேரைச் சற்றே தாண்டும், கலமான் அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. டெசலே செங்குத்தானது, திரள்பாறையின் மேல் மெல்லிய மண், சுவர்கள் நெருக்கமாக எழும் இடம். அங்கிருந்து வரும் ஒயின் திரட்சியானது, கருகிய கல்லையும் வறுத்த பாதாமையும் நினைவூட்டுவது. கலமானின் மண் பழைய நிலச்சரிவு ஒன்று கொண்டுவந்து சேர்த்த களிமண்; ஒயினும் இறுக்கமாக, சற்றே கசந்து, தீக்கல்லின் வாடையுடன் வரும். ஒரே திராட்சை, ஒரே ஏரி, நடந்தால் சில நிமிடத் தொலைவு. ஷாஸ்லா தன் மணத்தால் நிலத்தை மூடிவிடாத காரணத்தால்தான் இந்த வேறுபாடு நாவுக்கு எட்டுகிறது. மணம் மிகுந்த திராட்சை ஒன்றை அங்கே நட்டிருந்தால் நமக்கு முதலில் கேட்பது திராட்சையின் குரலாகவே இருந்திருக்கும்.

இவ்விடத்தில் ரிவா ஊரில் 2010இல் தொடங்கப்பட்ட ஷாஸ்லா பேணகத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. லூயி-ஃபிலிப் போவார் என்ற மூத்த உற்பத்தியாளர் முன்னின்று அமைத்தது அது. நாற்றங்கால்களில் ஒரே வகையான தெரிவுக்கொடிகள் பெருகி, ஷாஸ்லாவின் பழைய உள்வகைகள் பல அழியும் நிலைக்கு வந்திருந்தன. அவற்றைத் திரட்டி ஒரே இடத்தில் நட்டு, ஒவ்வொன்றின் காய்ப்பையும் சாற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வெயில் கூடும் காலத்தில் புளிப்பைத் தக்கவைக்கும் உள்வகை எது என்ற கேள்விக்கு விடை கிடைக்குமானால் அது இத்தகைய தோட்டத்திலிருந்துதான் கிடைக்கும்.

வெவே அடுக்களை எழுதுகிறார்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். சுவிஸில் வாழும் நம்மவர்கள் பலரைப் போல நானும் இங்கே உணவகச் சமையலறையில் வேலைசெய்து வருகிறேன். மேலே எழுதிய இருவரும் வைனைத் தனியாக வைத்துப் பேசியிருக்கிறார்கள். இவ்வூர் மக்கள் அதைத் தனியாக வைப்பது குறைவு என்பதால் சாப்பாட்டு மேசையைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

ஏரியில் பிடிக்கும் பெர்ச் மீனின் சிறு துண்டுகளை வெண்ணெயில் வாட்டி, எலுமிச்சையும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்த்துப் பரிமாறுவது இக்கரையின் முதன்மையான உணவு. மீனின் சதை மிகவும் மென்மையானது. மணம் மிகுந்த எந்த வைனும் அதை மறைத்துவிடும். வெங்காயத்தாள் போன்ற லீக்ஸையும் உருளைக்கிழங்கையும் குழைய வேகவைத்து அதன்மேல் தொத்திறைச்சி வைத்துத் தரும் பாப்பே என்ற வோ மாநில உணவுக்கும், உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்து உண்ணும் ஃபொன்டூவுக்கும் ஷாஸ்லாவே துணை. ஃபொன்டூவில் பாலாடைக்கட்டியை இளக்குவதற்கும் இதே வைனைத்தான் ஊற்றுகிறோம். நல்ல பச்சரிசிச் சோறு தன் சுவையை முன்நிறுத்தாமல் குழம்பை ஏந்திச் செல்வதைப் போல, இந்த வைன் உணவை ஏந்திச் செல்கிறது. ஆகவே தென்கரை அண்ணா, நீங்கள் வெறுமனே ஒரு கிண்ணம் அருந்தி முடிவுகட்டாமல் மீனோடு ஒருமுறை அருந்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே உணவகங்களில் டெசிலிட்டர், அதாவது லிட்டரில் பத்திலொரு பங்கு, என்ற கணக்கில் கேட்பார்கள். இரண்டு, மூன்று, ஐந்து டெசி என்று சிறு குடுவையில் மேசைக்கு வரும், மேசையில் உள்ளவர்கள் சிறிய கிண்ணங்களில் பகிர்ந்துகொள்வார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றுவது தவறு. 8 முதல் 10 பாகை செல்சியஸ் வரை இளம் வைனுக்குச் சரியான குளிர்ச்சி. அதற்குக் கீழே போனால் ஏற்கெனவே அடங்கிய மணம் முற்றிலும் ஒடுங்கிவிடும். பழைய டெசலேவுக்கு 12 பாகை வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெவேயில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை என்ற அளவில் நடக்கும் திராட்சைத் தோட்டக்காரர் பெருவிழாவை, பிறர் நிலத்தில் உழைக்கும் தோட்டக்காரர்களைச் சிறப்பிப்பதற்காகவே நடத்துகிறார்கள். முதல் விழா 1797இல் நடந்தது. கடைசியாக 2019இல், அதற்கு முன் 1999இல். விழாவை நடத்தும் சங்கத்தார் ஆண்டுதோறும் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துத் தோட்டக்காரர்களின் வேலையை மதிப்பிடுகிறார்கள், சிறந்தவர்களுக்கு முடிசூட்டுகிறார்கள். நிலத்தின் உடைமையாளருக்கு அன்றி, கவாத்துச் செய்து சுவரைக் காத்தவருக்கே அந்த மகுடம் போகிறது. சமையலறையில் நின்று உழைக்கும் எனக்கு இது மனத்துக்கு மிகவும் நெருக்கமான செய்தி. 2016இல் யுனெஸ்கோ இந்த விழாவையும் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தென்கரை மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விளைச்சலைப் பற்றிய விளக்கமும், மீனோடு அருந்த வேண்டும் என்ற அறிவுரையும் எனக்குப் புதியவை. இன்னும் இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. ஏரியைப் பார்த்தபடி அமைந்த இந்தச் சரிவில் வீட்டுமனைக்கு எவ்வளவு விலை கிடைக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். அப்படியிருந்தும் மாளிகைகள் தோட்டங்களை விழுங்காமல் இருப்பது எப்படி? ஷாஸ்லாவை வைத்திருந்து அருந்தலாமா, அல்லது வாங்கிய ஆண்டிலேயே முடித்துவிட வேண்டுமா? சுவிட்சர்லாந்துக்கு வெளியே கடைகளில் இதை நான் கண்டதே இல்லை என்பதால் அடுத்த பயணத்தில் சில புட்டிகளை எடுத்துவர எண்ணுகிறேன்.

கற்படி எழுதுகிறார்:

மாளிகைகள் விழுங்கத்தான் பார்த்தன. 1970களில் கட்டுமானம் மேலேறிக்கொண்டிருந்தபோது ஃப்ரான்ஸ் வெபர் என்ற சூழலியல் செயற்பாட்டாளர் லாவோவைக் காப்பதற்கென மக்கள் முன்மொழிவு ஒன்றை முன்னெடுத்தார். 1977இல் வோ மாநில வாக்காளர்கள் அதை ஏற்று, லாவோவின் பாதுகாப்பை மாநில அரசமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலம் புதிய அரசமைப்பை ஏற்றபோது அந்தக் கூறு விடுபட்டுவிட்டது. அவர் மறுபடியும் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார், 2005இல் மக்கள் பெரும்பான்மையாக மீண்டும் ஏற்றார்கள். மேலும் கடுமையான மூன்றாவது முன்மொழிவை 2014இல் நிராகரித்து, அரசு வைத்த மாற்று வரைவைத் தேர்ந்தார்கள். அந்த மூன்றாவது முடிவும் சரியானதே என்பது என் எண்ணம். தோட்டக்காரர் தன் தொழிலுக்கு வேண்டிய கொட்டகையையும் நிலவறையையும் கட்ட முடியாதபடி இறுக்கினால், நிலத்தோற்றம் காக்கப்பட்டு அதை உருவாக்குபவர் வெளியேறிவிடும் நிலை ஏற்படும். யுனெஸ்கோவின் பட்டியலைவிட, அந்த மாநில மக்கள் தங்கள் வாக்கால் போட்ட வேலியே இச்சரிவை உண்மையில் காத்தது.

வெளிநாட்டில் கிடைக்காததற்குக் காரணம் எளியது. சுவிட்சர்லாந்து தன் ஒயினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கையே ஏற்றுமதி செய்கிறது, மீதியை அந்நாட்டவரே அருந்திவிடுகிறார்கள். கையால் செய்யும் வேலைக்கு அந்நாட்டுக் கூலியும் சேரும்போது, வெளிச்சந்தையில் விலைப்போட்டிக்கு இடமே இல்லை.

வைத்திருப்பதைப் பற்றி: பொதுவான ஷாஸ்லாவை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அருந்துவதே நன்று. டெசலே விதிவிலக்கு. நல்ல ஆண்டின் டெசலே பத்தாண்டுகளுக்கு மேலும் தாங்கும். புளிப்புக் குறைந்த வெள்ளை ஒயின் நீடிக்காது என்ற பொதுவிதிக்கு அது கட்டுப்படுவதில்லை. காலப்போக்கில் நிறம் பொன்னாகி, தேன், தேன்மெழுகு, அக்ரூட் ஆகியவற்றின் மணம் எழும். அத்தகைய முதிர்ந்த புட்டியை அருந்தியவர் ஷாஸ்லாவை அடங்கிய ஒயின் என்று சொல்லத் தயங்குவார். அதனால் புட்டிகளை வாங்கும்போது புதிய ஆண்டு ஒன்றும், அதே உற்பத்தியாளரிடம் இருந்தால் ஏழெட்டு ஆண்டு முந்தையது ஒன்றும் கேளுங்கள். பழையவற்றைக் கடையில் அடுக்கி வைக்க மாட்டார்கள், நிலவறையில் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

லோசானிலிருந்து வெவே செல்லும் ஏரிக்கரை ரயில் லூத்ரி, எப்பெஸ், ரிவா, சான்-சஃபோரான் ஆகிய ஊர்களில் நிற்கிறது. சான்-சஃபோரானில் இறங்கி மேற்கு நோக்கி லூத்ரி வரை நடந்தால் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். வழியில் டெசலேயையும் கலமானையும் அடுத்தடுத்துக் கடப்பீர்கள். ரிவாவில் அப்பகுதி ஒயின்கள் பலவற்றை ஒரே கூரையின்கீழ் சுவைக்கத்தக்க லாவோ வினோராமா என்ற கூடம் உள்ளது. ஊர்ச் சுவைப்பறைகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் வசந்தத்திலோ கோடையிலோ செல்லுங்கள். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகோஸ்தே வார இறுதியில் போக முடிந்தால், வோ மாநிலம் முழுவதும் உற்பத்தியாளர்கள் தங்கள் நிலவறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருப்பார்கள். டெசலேயையும் கலமானையும் செய்தவரின் எதிரிலேயே அருகருகே வைத்து ஒப்பிட அதைவிட ஏற்ற நாட்கள் இல்லை.